கிளட்ச் தேய்ந்தால் வாரன்டி கிடைக்குமா? கியர்பாக்ஸை இறக்கும் முன் கார் உரிமையாளர் கவனிக்க வேண்டியவை

கார் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. ஓடோமீட்டரில் 14,000 கி.மீ.தான் காட்டுகிறது. ஆனால் மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், “கிளட்ச் பிளேட் போயிடுச்சு சார், இது வாரன்டில வராது” என்ற பதில் வருகிறது. 3 ஆண்டு வாரன்டி என்று ஷோரூமில் சொன்னார்களே என்று கேட்டால், “அது மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்டுக்குத்தான் சார், இது வியர் அண்ட் டியர்” என்கிறார்கள்.

மேனுவல் கியர் கார் வைத்திருப்பவர்களுக்கும் சர்வீஸ் சென்டர்களுக்கும் இடையே அடிக்கடி நடக்கும் வாக்குவாதம் இது. தொகையும் சிறியதல்ல. சிறிய பெட்ரோல் காரில் கிளட்ச் செட் மாற்ற சில ஆயிரம் ரூபாய் ஆகும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் எஸ்யூவி என்றால் பில் அரை லட்சத்தைத் தாண்டவும் செய்யும்.

இந்த வாக்குவாதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. பாகம் ஓட்டியதால் தேய்ந்ததா, அல்லது வேறொரு பாகத்தின் குறைபாட்டால் கெட்டதா? இதற்கான சாட்சியம் கியர்பாக்ஸை இறக்கும்போதுதான் வெளியே வரும். அந்த நேரத்தில் உரிமையாளர் அங்கே இல்லையென்றால், ஜாப் கார்டிலும் அவர் சொன்னது சரியாகப் பதிவாகவில்லையென்றால், பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையில் ஆதாரம் இருக்காது. ஆகவே இந்த விஷயத்தில் வண்டியைக் கழற்றுவதற்கு முன்பு செய்வதுதான் முக்கியம்.

எந்த அறிகுறி எதைக் காட்டுகிறது?

‘கியர் பிராப்ளம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மேனுவல் காரில் கிளட்ச், கியர்பாக்ஸ், கியர் லீவரை இணைக்கும் கேபிள் ஆகிய மூன்றும் தனித்தனி. வாரன்டியிலும் மூன்றுக்கும் தனித்தனி கணக்கு. எனவே கோளாறு எங்கே இருக்கிறது என்று ஓரளவு அடையாளம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வழுக்கும் கிளட்ச்: காலியான, சமமான சாலையில் 4-வது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வேகம் அதற்கேற்பக் கூடவில்லை. கருகிய வாடையும் வரலாம். கிளட்ச் பிளேட் பிடிமானத்தை இழந்துவிட்டது என்பதன் அடையாளம் இது. காரணம் தேய்மானமாக இருக்கலாம், பிளேட்டில் ஆயில் பட்டதாகவும் இருக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது மட்டும் கியர் விழவில்லை: இன்ஜினை ஆஃப் செய்தால் எல்லா கியரும் எளிதாக விழுகின்றன, ஸ்டார்ட் செய்தால் முதல் கியரும் ரிவர்ஸும் அடம்பிடிக்கின்றன. அப்படியென்றால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். கிளட்ச் கேபிள், ஹைட்ராலிக் சிலிண்டர், லைனில் புகுந்த காற்று, பிரஷர் பிளேட் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு இருக்கும்.

இன்ஜின் ஆஃபில் இருந்தாலும் கியர் கடினம்: கியர் லீவர் கேபிளிலோ, அதன் இணைப்புகளிலோ பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். இதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் ‘கடிக்கிறது’: உதாரணமாக 2-வது கியருக்கு மாறும்போது மட்டும் உரசல் சத்தம் வருகிறது. அந்த கியருக்கான சின்க்ரோனைசர் வளையம் கெட்டிருக்கலாம். இது கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பாகம். ஆனால் ரிவர்ஸ் கியர் மட்டும் கடித்தால் பதற்றப்பட வேண்டாம். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோனைசர் கிடையாது. வண்டி முழுவதும் நின்ற பிறகு, கிளட்ச்சை மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுத்துப் போட்டால் சத்தம் வராது.

கிளட்ச்சை மிதித்தால் சத்தம்: நியூட்ரலில் நிறுத்தி கிளட்ச்சை மிதிக்கும்போது கீச்சென்றோ உறுமலாகவோ சத்தம் கேட்டால் ரிலீஸ் பேரிங் மீது சந்தேகம் வரும். இதற்கு நேர்மாறாக, கால் எடுத்திருக்கும்போது கேட்கும் சத்தம் மிதித்தவுடன் நின்றுபோனால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

கியர் தானாக நியூட்ரலுக்கு வருகிறது: இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. இந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

அறிகுறி தெரிந்த பிறகும் ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டுவது வாரன்டியையும் பாதிக்கும். கோளாறு தெரிந்தே ஓட்டியதால் சேதம் பெரிதானது என்று நிறுவனம் சொல்வதற்கு அது வழி கொடுத்துவிடும். வழியில் நின்றுவிட்டால் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எண்ணுக்கு அழைத்து வண்டியை ஏற்றி அனுப்புவதே சரி. அந்த அழைப்பும் ஒரு பதிவாக இருக்கும்.

வாரன்டியில் என்ன வரும், என்ன வராது?

வாரன்டி என்பது ‘குறிப்பிட்ட ஆண்டு அல்லது குறிப்பிட்ட கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை’ என்ற கணக்கு. உதாரணமாக, மாருதி சுசூகி நிறுவனம் 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. என்றிருந்த தன் வாரன்டியை 2024 ஜூலையில் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். ஒரே நிறுவனத்திலும் சொந்த உபயோக வண்டிக்கு ஒரு கணக்கு, மஞ்சள் போர்டு டாக்ஸிக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

காலமும் கி.மீ.யும் பாக்கி இருக்கிறது என்பதால் எல்லா பாகத்துக்கும் வாரன்டி உண்டு என்று ஆகாது. மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைபாட்டுக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பு. கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள், ஷாஃப்ட், பேரிங், சின்க்ரோனைசர், ஷிஃப்ட் ஃபோர்க் போன்றவை பொதுவாக இந்தப் பாதுகாப்புக்குள் வரும். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் பிளேடு, ஃபில்டர் போன்றவை ஓட ஓடத் தேய்பவை என்பதால் பெரும்பாலான வாரன்டி கையேடுகளில் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

கையேட்டில் ‘கிளட்ச்’ என்று எழுதியிருக்கிறதா, ‘கிளட்ச் டிஸ்க்’ என்று எழுதியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கிளட்ச் டிஸ்க் என்பது பிளேட் மட்டுமே. பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஹைட்ராலிக் சிலிண்டர் ஆகியவை வேறு பாகங்கள். விலக்குப் பட்டியலில் டிஸ்க் மட்டும் இருக்கும்போது, ‘கிளட்ச் செட் முழுவதும் வாரன்டியில் வராது’ என்று வாய்மொழியாகச் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. “எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, காட்டுங்க” என்று கேட்பதில் தவறில்லை.

தேய்மானமா, குறைபாடா? கழற்றிய பாகமே சொல்லும்

கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது என்பது ஒரு தகவல். ஏன் தேய்ந்தது என்பது வேறு கேள்வி. சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் முதலாவதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். இரண்டாவதைக் கேட்க வேண்டியவர் உரிமையாளர்தான்.

பிளேட் இரு பக்கமும் சீராகத் தேய்ந்து ரிவெட் வரை வந்திருந்தால் அது உபயோகத்தால் வந்த தேய்மானம் என்று சொல்ல இடமுண்டு. ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நீல நிறமாகச் சூடேறிய தடம் இருந்தால், கிளட்ச் நீண்ட நேரம் வழுக்கியிருக்கிறது என்று பொருள். டிராஃபிக்கில் அரை கிளட்ச்சிலேயே ஊர்வது, மேட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவது, ஓட்டும்போது எப்போதும் பெடல் மீது காலை வைத்திருப்பது ஆகியவை இதற்கான வழக்கமான காரணங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடுடன் அரை கிளட்ச்சில் ஏறினால் புது பிளேட்டும் வாடை அடிக்கும்.

ஆனால் பின்வருவன தெரிந்தால் கதை வேறு.

பிளேட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிந்திருக்க வேண்டும். சீல் கசிவு ஓட்டுநரின் பழக்கத்தால் வருவதில்லை. வாரன்டி காலத்தில் அதைச் சரிசெய்வது நிறுவனத்தின் பொறுப்பு. அந்தக் கசிவால் கெட்ட பிளேட்டையும் அதே கணக்கில் கேட்க வலுவான காரணம் இருக்கிறது.

பிளேட்டின் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் விரல்களில் ஒன்று முறிந்திருந்தாலோ, பிளேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ அதைச் சாதாரண தேய்மானம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ரிலீஸ் பேரிங் இறுகிப்போயிருப்பதும், ஹைட்ராலிக் சிலிண்டர் முழுமையாகத் திரும்பாமல் கிளட்ச்சைப் பாதி மிதித்த நிலையிலேயே வைத்திருப்பதும் இதே ரகம்தான். பார்ப்பதற்கு ‘டிரைவிங் தப்பு’ போலத் தெரியும். உண்மையில் காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுமையாகப் பிடிக்கவில்லை.

கியர்பாக்ஸை இறக்கும் முன் ஜாப் கார்டில் என்ன இருக்க வேண்டும்?

சர்வீஸ் அட்வைசர் கணினியில் தட்டும் ஜாப் கார்டுதான் இந்த விவகாரத்தின் முதல் ஆவணம். அதில் ‘கிளட்ச் செக்’, ‘ஜெனரல் செக்கப்’ என்று இரண்டு வார்த்தை போட்டால், பிறகு என்ன புகாருக்காக வண்டி வந்தது என்றே தெரியாமல் போய்விடும். ‘2-வது கியருக்கு மாறும்போது உரசல் சத்தம், காலையில் முதல் 10 நிமிடம் அதிகம், 3 வாரமாக இருக்கிறது’ என்பதுபோல உரிமையாளர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதச் சொல்ல வேண்டும். தேதியும் ஓடோமீட்டர் அளவும் இருக்க வேண்டும். நகல் வாங்காமல் வெளியே வரக் கூடாது.

வாரன்டி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது வண்டி உள்ளே போய், பாகம் வர ஒரு மாதம் ஆனாலும், புகார் எந்தத் தேதியில் பதிவானது என்பதே பேசப்படும். ஒரே கோளாறுக்கு நான்கு முறை போனால் நான்கு ஜாப் கார்டு இருக்க வேண்டும். “பழைய கார்டுலயே பார்த்துடறோம் சார்” என்பதை மறுத்துவிடலாம்.

அடுத்து, அட்வைசரையோ டெக்னீஷியனையோ பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். பிரச்சினை வெளிப்பட்டதை ஜாப் கார்டில் குறிக்கச் சொல்லலாம். செல்போனில் சத்தத்தையும் ஆர்.பி.எம். முள்ளையும் முன்கூட்டியே வீடியோ எடுத்து வைத்திருப்பது உதவும். ஓட்டும்போது எடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும்.

“இந்த மாடல்லயே இப்படித்தான் சார் இருக்கும்” என்ற பதில் வந்தால், அதற்கும் வழி இருக்கிறது. ஷோரூமில் நிற்கும் அதே மாடல் டெஸ்ட் டிரைவ் காரை இருவரும் சேர்ந்து ஓட்டிப் பார்க்கலாம். அதில் அந்தச் சத்தம் இல்லையென்றால் அதையும் எழுதச் சொல்லலாம்.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் ஒரு அப்ரூவலில் கையெழுத்து கேட்பார்கள். ‘தேய்மானம் என்று தெரிந்தால் பாகத்துக்கும் லேபருக்கும் பணம் தருகிறேன்’ என்ற பொருளில் அது இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடுவது ஆபத்து. இறக்குவதற்கான லேபர் எவ்வளவு, குறைபாடு என்று உறுதியானால் அந்த லேபரும் இலவசமா, கழற்றிய பாகத்தை உரிமையாளர் பார்த்து போட்டோ எடுத்த பிறகுதான் புதுப் பாகம் போடப்படுமா ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் பேச்சு பொதுவாக இப்படித்தான் போகும்:

“சார், பிளேட் தேஞ்சிருக்கு. அப்ரூவல் குடுத்தீங்கன்னா சாயங்காலம் வண்டி ரெடி.”

“தேஞ்சிருக்குன்னு சொல்றீங்க, சரி. ஏன் தேஞ்சதுன்னு பார்த்தீங்களா தம்பி?”

“அது ஓட்டுறதைப் பொறுத்தது சார்.”

“அப்படின்னா அதையே ரிப்போர்ட்டா எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னாடி ஆயில் சீல், பிரஷர் பிளேட் ரெண்டையும் நான் ஒரு தடவ பார்த்துக்கறேன்.”

சண்டை போடாமல், குரல் உயர்த்தாமல் இவ்வளவு கேட்டாலே பல இடங்களில் விஷயம் ஒர்க்‌ஷாப் மேனேஜரிடம் போய்விடும். அதற்குக் காரணம் உண்டு. வாரன்டியில் மாற்றும் பாகத்துக்கான பணத்தை டீலர், கார் நிறுவனத்திடம் இருந்துதான் திரும்பப் பெறுகிறார். நிறுவனம் அதை நிராகரித்தால் இழப்பு டீலருக்கு. ஆகவே சந்தேகமுள்ள இடத்தில் ‘வாரன்டி இல்லை’ என்று சொல்வது அட்வைசருக்குப் பாதுகாப்பு. முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு மேலே, நிறுவனத்தின் பகுதி சர்வீஸ் மேலாளரிடம் இருக்கிறது. பாகத்தின் விலையை நிறுவனம் ஏற்று, லேபரை மட்டும் வாடிக்கையாளர் கொடுக்கும் ‘குட்வில்’ ஏற்பாடும் அந்த மட்டத்தில்தான் நடக்கும். கேட்காதவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பணம் கட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்றால்?

வேலைக்குப் போக வண்டி வேண்டும், வேறு வழியில்லை என்ற நிலை பலருக்கு வரும். பணம் கட்டினால் உரிமை போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. பில்லின் நகலிலும், அன்றே அனுப்பும் மின்னஞ்சலிலும் ‘வாரன்டி மறுக்கப்பட்டதை ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் பணம் செலுத்துகிறேன்’ என்று எழுதிவிட வேண்டும்.

காசு கொடுத்து மாற்றிய பழைய பாகத்தை விட்டுவிட்டு வரவே கூடாது. வாரன்டியில் இலவசமாக மாற்றினால் பழைய பாகம் நிறுவனத்துக்குப் போகும். ஆனால் உரிமையாளர் பணம் கொடுத்து மாற்றினால் அவர் அதைக் கேட்டு வாங்கலாம். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், சீல் என்று எல்லாவற்றையும் துடைக்காமல், கழுவாமல் அப்படியே கவரில் போட்டு வைக்க வேண்டும். எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும்.

அதன் பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும். வாங்கிய தேதி, சேஸிஸ் எண், ஒவ்வொரு ஜாப் கார்டின் தேதியும் கி.மீ.யும், மறுப்புக்குச் சொன்ன காரணம், கேட்கும் நிவாரணம் ஆகியவை ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். போனில் பேசியதையும் ‘இன்று இப்படிப் பேசினோம்’ என்று மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுவது நல்லது.

வெளியில் வேலை பார்த்திருந்தால் வாரன்டி போய்விடுமா?

“வெளிய மெக்கானிக்கிட்ட காட்டினீங்களா? அப்ப வாரன்டி கட்” என்பது பலரும் கேட்டிருக்கும் வசனம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று அளித்த உத்தரவில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தனியார் மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும், வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம் என்றும் ஆணையம் அதில் சொன்னது. இதை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

ஆகவே நடைமுறையில் செய்யத்தக்கது இதுதான். வெளியில் சீட் கவர் போட்டதற்கும், டயர் மாற்றியதற்கும் கியர்பாக்ஸ் பேரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் கேட்கலாம். ஆனால் வாரன்டி காலத்தில் கியர் ஆயில், கிளட்ச், இன்ஜின் வேலைகளை ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டரிலேயே செய்து பில்லை வைத்திருப்பது வீண் தகராறைத் தவிர்க்கும். குறித்த கால சர்வீஸை தவறவிட்டதுதான் நிறுவனங்கள் முதலில் காட்டும் காரணம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நீட்டிக்கப்பட்ட வாரன்டியும் இன்சூரன்ஸும் உதவுமா?

கார் வாங்கும்போது விற்கப்படும் எக்ஸ்டெண்டட் வாரன்டி, முதல் வாரன்டி முடிந்த பிறகு தொடங்கும். முதல் வாரன்டி முடிவதற்குள் அதை வாங்கிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. அதிலும் கிளட்ச் பிளேட் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். கியர்பாக்ஸ் உள்பாகங்களுக்கு அது உதவும். பணம் கட்டும் முன் பாகங்களின் பட்டியலைப் படிப்பது அவசியம்.

இன்சூரன்ஸ் வேறு. ‘ஜீரோ டெப்’ எடுத்திருக்கிறேன், கியர்பாக்ஸ் போனாலும் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. மோட்டார் இன்சூரன்ஸ் விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கானது. தானாக வரும் மெக்கானிக்கல் பழுதும் தேய்மானமும் அதில் வராது.

வெள்ளத்தில் இது தலைகீழாக மாறும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் கியர் ஆயில் பால் கலந்ததுபோல மாறும், சில மாதங்களில் பேரிங்குகள் கெடும். இதற்கு வாரன்டி கிடையாது, இன்சூரன்ஸில்தான் கேட்க வேண்டும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஏற்றி அனுப்பி, கியர் ஆயிலையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

காரையே மாற்றித் தரச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை மாற்றித் தர ‘லெமன் லா’ எனப்படும் தனிச் சட்டங்கள் உள்ளன. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ்தான் போக வேண்டும்.

இதில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் எதிரெதிர்த் திசையில் வழிகாட்டுகின்றன. 2006-ல் முடிந்த ஒரு வழக்கில் மாருதி உத்யோக் நிறுவனத்தின் காரில் கிளட்ச் குறைபாடு என்பது புகார். காரையே மாற்றித் தரும்படி நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டிருந்தது. குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்றுதான் வாரன்டி சொல்கிறது, எனவே முழுக் காரையும் மாற்றச் சொல்வது பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம். 2010-ல் முடிந்த ஃபியட் இந்தியா வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் காரில் உள்ளார்ந்த தயாரிப்புக் குறைபாடு இருப்பதாகச் சொன்னால், காரின் விலை, ஆயுள் வரி ஆகியவற்றை 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று சொன்னது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். கிளட்ச், கியர்பாக்ஸ் என்று பாகத்தை மாற்றித் தரக் கேட்பது எளிது. முழுக் காரையும் மாற்றக் கேட்க, நிபுணர் அறிக்கை வேண்டும். ஒரே கோளாறுக்குப் பலமுறை போன ஜாப் கார்டுகளும், கியர்பாக்ஸை மாற்றிய பிறகும் பிரச்சினை தீரவில்லை என்ற பதிவும் அதற்கு அடித்தளமாக இருக்கும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது எப்படி?

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிந்தால் நிறுவனத்துக்கு அனுப்பி பதில் வாங்க முயல்வார்கள். பணச் செலவு இல்லை. இங்கேயே தீரும் புகார்களும் உண்டு. ஆனால் இது தீர்ப்பு சொல்லும் அமைப்பு அல்ல.

அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கார் சென்னையில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த முக்கியமான வசதி. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக இணையத்திலேயே மனு தாக்கல் செய்யலாம்.

டீலர், தயாரிப்பு நிறுவனம் இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மீது பழி போட்டு நழுவ இடமாகும். பொருளைப் பரிசோதித்தால்தான் குறைபாடு தெரியும் என்றால், அதைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு 38-வது பிரிவு அதிகாரம் தருகிறது. அப்படி அனுப்ப வேண்டுமென்றால் கேட்டு வாங்கிய அந்தப் பழைய பாகம் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். பரிசோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆவது வழக்கம்.

காலக்கெடு 2 ஆண்டு. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இது கணக்கிடப்படும். நிறுவனத்துடன் மின்னஞ்சலில் பேசிக்கொண்டே இருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது.

வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் ‘நுகர்வோர்’ அல்ல என்று சட்டம் சொல்கிறதே? ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கி ஓட்டுபவரை அதே சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஒரு டாக்ஸி வாங்கித் தானே ஓட்டிக் குடும்பம் நடத்துபவர் தாராளமாக வழக்குப் போடலாம்.

பழைய கார் வாங்கியிருந்தால்?

செகண்ட் ஹேண்ட் காரில் கம்பெனி வாரன்டி பாக்கி இருந்தால், பொதுவாக அது வண்டியோடு புதிய உரிமையாளருக்கு வரும். ஆனால் பெயர் மாற்றத்தை நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். எக்ஸ்டெண்டட் வாரன்டிக்கு மாற்றுக் கட்டணம் இருக்கலாம். வாங்கும் முன் முந்தைய உரிமையாளரிடம் ஆர்.சி., இன்சூரன்ஸ் மட்டும் கேட்டால் போதாது, சர்வீஸ் பில்களையும் ஜாப் கார்டுகளையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு முறை ‘2-வது கியர் சத்தம்’ என்று எழுதியிருக்கும் கார்டு ஒன்று அதில் இருந்தால், விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு பார்க்கலாம்.